ஒளியால் அளத்தல்

சென்னைத் துறைமுகத்துக்கும் போர்ட் பிளேயருக்கும் இடைப்பட்ட கடல்வழி ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர். பயணிகள் கப்பல் அதனைக் கடக்க மூன்று நாள்கள் அளவில் ஆகும். 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற இந்நகரில் வாழும் நமக்குப் பருப்பும் சிமெண்டும் இரும்புக் கம்பியும் பெரும்பாலும் இக்கடலைக் கடந்தே வந்து சேர்கின்றன. இயந்திரங்களின் உதிரிப் பாகங்களும் அவ்வாறே வருகின்றன.

தீவுகளுக்கிடையே ஓடும் படகு ஒன்றின் பம்பினுள் ஒரு சக்கரம் உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பம்பினுள் சுழன்று நீரைத் தள்ளும் இந்த இதழ்ச்சக்கரத்தைப் பட்டறைகளில் இம்பெல்லர் என்பர். அந்தப் பம்பு பழையது. அம்மாதிரியை இப்போது எவரும் செய்வதில்லை. அதன் வரைபடமும் கிடைக்கவில்லை. உடைந்த சக்கரத்தைப் பெட்டியில் வைத்துக் கோயம்புத்தூருக்கு அனுப்பலாம். பம்பு செய்யும் தொழிலில் பெயர் பெற்ற ஊர் அது. அங்கே அதனை அளந்து, புதிதாக வார்த்து, கடைந்து, மீண்டும் கப்பலேற்றுவதற்குள் பல வாரங்கள் கழிந்துவிடும். வந்த சக்கரம் பொருந்தாவிட்டாலோ, மறுபடியும் அதே பயணம். அதுவரை படகு கரையில் நிற்கும். அப்படகை நம்பியிருக்கும் தீவில் நோயாளியும் காத்திருப்பார். தேர்வு எழுத வேண்டிய மாணவரும் காத்திருப்பார்.

மாணவர்களே, இங்கே ஒரு வினா எழுகிறது. கடலைக் கடந்து செல்ல வேண்டியது அந்த உலோகத் துண்டா, அதன் அளவா? அளவு மட்டும் பிழையின்றிச் சென்று சேர்ந்தால் போதும் அல்லவா? ஒரு பொருளைத் தொடாமலே, ஒளியைக் கொண்டு, அதன் உருவம் முழுவதையும் அளந்தெடுக்கும் முறை இன்று தொழிற்சாலைகளில் வழக்கத்துக்கு வந்துள்ளது. லேசர் வருடல் என்பது அதன் பெயர். லேசரைத் தமிழில் சீரொளி என்றும் சொல்வர். ஒரே நிறமும் ஒரே போக்கும் உடைய ஒளி என்னும் பொருளை அச்சொல் நன்கு உணர்த்துகிறது; ஆயினும் லேசர் என்று எழுதுவதிலும் குற்றமில்லை. இப்பாடத்தில் லேசர் என்றே வழங்குவோம்.

எவ்வளவு நுட்பம் வேண்டும்?

நம் முன்னோர் எட்டு எள் ஒரு நெல், எட்டு நெல் ஒரு விரல், பன்னிரண்டு விரல் ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம் என்று அளவுகளை வகுத்திருந்தனர். எண்ணிலும் அரை, கால் என்பவற்றோடு நின்றுவிடாமல் மா, காணி, முந்திரி எனப் பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயரிட்டனர். முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. உங்கள் தாத்தா பாட்டியரிடம் கேட்டுப் பாருங்கள். முந்திரி என்றதும் பருப்பை மட்டும் நினைக்காதவர் சிலரேனும் இருப்பர்.

சுவாமிமலையில் செப்புத் திருமேனி வார்க்கும் சிற்பிகள் தென்னை ஓலையைக் கீற்றாகக் கிழித்து, திருமேனியின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்துப் பங்குகளாக்கி அளவு குறிப்பர். முகம் ஒரு பங்கானால் மார்பு எத்தனை பங்கு, கை எத்தனை பங்கு என்பதே அங்கு கணக்கு. அம்முறையில் ஒரு குறையும் இல்லை. ஏனெனில், ஒரு திருமேனியின் கை அந்தத் திருமேனிக்குப் பொருந்தினால் போதும். வேறொரு ஊரில் வேறொருவர் வார்த்த உடலோடு அது பொருந்த வேண்டியதில்லை.

இயந்திரப் பாகத்தின் நிலை வேறு. ஒரு திருகாணி ஓசூரில் செய்யப்படும். அதனை ஏற்கும் மரை புனேயில் செய்யப்படும். இரண்டும் நம் தீவில் ஒரு பட்டறையில் முதன்முதலாகச் சந்திக்கும். செய்தவர்கள் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆயினும் இரண்டும் பொருந்த வேண்டும். அதற்காகவே வரைபடத்தில் ஒவ்வோர் அளவோடும் ஏற்கத்தக்க விலக்கத்தையும் குறிப்பர். ஒரு தண்டின் விட்டம் 25 மில்லிமீட்டர், விலக்கம் 0.02 மில்லிமீட்டர் என்று குறித்திருந்தால், 24.98 முதல் 25.02 வரை எவ்வளவு இருந்தாலும் ஏற்கப்படும். அதற்கு வெளியே சென்றால் கழிக்கப்படும். நம் தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில்தான் அந்தத் தண்டின் தலைவிதி முடிவாகிறது.

மரவேலையில் இத்துணைக் கண்டிப்பு இல்லை. சாத்தம் தீவில் 1883 முதல் இயங்கிவரும் மர அறுவை ஆலையை உங்களுள் பலர் பார்த்திருப்பீர்கள். அங்கு அறுத்த பலகை மழைக்காலத்தில் ஈரம் ஏற்றுச் சற்றே உப்பும், வெயிலில் வற்றும். தச்சர் இழைப்புளியை ஓட்டி அதனைச் சரிசெய்துகொள்வார். சுழலும் எஃகுத் தண்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. பேரிங் என்று நாம் சொல்லும் தாங்கியினுள் அது சற்று இறுகினால் சூடேறிப் பற்றிக்கொள்ளும். சற்றுத் தளர்ந்தால் அதிர்ந்து அதிர்ந்து தாங்கியையே தின்றுவிடும்.

தொட்டு அளத்தல்

பட்டறையில் அளப்பதற்கு வெர்னியர் அளவியும் திருகு அளவியும் உண்டு. சாதாரணத் திருகு அளவி 0.01 மில்லிமீட்டர் வரை காட்டும். ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்கள் ஆய்வகத்தில் இதனைக் கையாண்டிருக்கக்கூடும். பெரிய தொழிற்சாலைகளில் மூன்று அச்சுகளில் நகரும் அளவை இயந்திரம் ஒன்று கருங்கல் மேசைமீது நிற்கும். அதன் நுனியில் செயற்கை மாணிக்கத்தால் ஆன சிறு குண்டு இருக்கும். அக்குண்டு பொருளின்மேல் ஓரிடத்தைத் தொட்டதும், அவ்விடத்தின் நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்று எண்களும் கணினியில் பதிவாகும். மிக நல்ல இயந்திரங்கள் 0.003 மில்லிமீட்டர் அளவுக்கு நுட்பம் காட்டுகின்றன. அது ஒரு மில்லிமீட்டரின் முந்திரிப் பங்கு!

ஆனால் தொட்டு அளப்பது மெதுவானது. ஒரு புள்ளி, பிறகு ஒரு புள்ளி என்று நகர வேண்டும். நேரான தண்டுக்கு இருபது முப்பது புள்ளிகள் போதும். வளைந்து முறுகிய இதழ்களை உடைய இம்பெல்லருக்கோ, கப்பலின் உந்துசக்கரத்துக்கோ அது போதாது. ரப்பர் போன்ற மெல்லிய பொருளானால், தொட்ட உடனே அது அழுந்தி அளவே மாறிவிடும்.

ஒளிக்கோடு

இனி ஒளிக்கு வருவோம். 1960-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவில் தியோடர் மைமன் என்னும் அறிவியலாளர் முதல் லேசரை ஒளிரச் செய்தார். அதன் உள்ளே இருந்ததும் செயற்கை மாணிக்கமே. தொட்டு அளக்கும் கருவியின் நுனியிலும் மாணிக்கம்; தொடாமல் அளக்கும் ஒளியின் பிறப்பிடத்திலும் மாணிக்கம். இது தற்செயல்தான் என்றாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

லேசர் வருடும் கருவியில் இரண்டு உறுப்புகள் இன்றியமையாதவை. ஒன்று, பொருளின்மீது மெல்லிய ஒளிக்கோட்டை வீழ்த்தும் லேசர். மற்றொன்று, அந்தக் கோட்டைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கும் கேமரா. சமமான தரையில் கோடு நேராகத் தெரியும். மேடு வந்தால் ஒருபுறமாக வளையும். பள்ளம் வந்தால் மறுபுறமாக வளையும். அந்த வளைவு எவ்வளவு என்று கணக்கிட்டால் மேடு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கறுப்புக் காகிதத்தில் பிளேடால் மெல்லிய நீள்பிளவு ஒன்று வெட்டி, டார்ச் விளக்கின் முகத்தில் ஒட்டுங்கள். வெட்டும்போது பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டறையில் ஒரு மேசைமேல் கவிழ்த்த கிண்ணத்தின் மீது அந்த ஒளிக்கோட்டை நேர்மேலிருந்து வீழ்த்துங்கள். டார்ச்சுக்கு அருகிலிருந்து பார்த்தால் கோடு நேராகவே தோன்றும். ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்து சாய்வாகப் பாருங்கள்: கிண்ணத்தின் உருவம் முழுவதும் அக்கோட்டின் வளைவில் எழுதப்பட்டிருக்கும். டார்ச்சை மெல்ல நகர்த்துங்கள். கோடும் கிண்ணத்தின் மேல் ஏறி இறங்கும். கடைகளில் விற்கும் லேசர் விளக்கை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அதன் ஒளி நேராகவோ பளபளப்பான பொருளில் பட்டுத் திரும்பியோ கண்ணில் விழுந்தால் பார்வைக்குக் கேடு.

இதன் கணக்கு நீங்கள் அறிந்த முக்கோணவியலே. லேசருக்கும் கேமராவுக்கும் இடைத்தூரம் 100 மில்லிமீட்டர் என்க. லேசர் அந்த அடிக்கோட்டுக்குச் செங்குத்தாகச் செல்கிறது. கேமரா அந்த ஒளிப்புள்ளியை அடிக்கோட்டிலிருந்து 45 பாகைக் கோணத்தில் காண்கிறது. 45 பாகையின் டேன்ஜெண்ட் மதிப்பு 1. ஆகவே புள்ளி 100 மில்லிமீட்டர் தொலைவில் உள்ளது. கோணம் 45.1 பாகை ஆனால் தொலைவு 100.35 மில்லிமீட்டர். கோணத்தில் பாகையின் பத்தில் ஒரு பங்கு மாறினால் தொலைவில் மூன்றில் ஒரு மில்லிமீட்டர் மாறுகிறது. எனவே இன்னும் நுட்பமாக அளக்க, பாகையின் ஆயிரத்தில் சில பங்கைக்கூடக் கேமரா பிரித்தறிய வேண்டும். இக்கருவிகளின் விலை ஏன் அவ்வளவு உயர்ந்தது என்பதற்கு இதுவே பாதி விடை.

புள்ளிகளும் கோலமும்

கையில் பிடித்துப் பொருளைச் சுற்றி நகர்த்தும் கருவிகள் ஒரு நொடியில் பல இலட்சம் புள்ளிகளைப் பதிவு செய்கின்றன. கணினித் திரையில் அவை ஒன்றோடொன்று ஒட்டாமல், பொருளின் வடிவில் வெளியில் மிதப்பனபோலத் தோன்றும். இத்தொகுதிக்குப் பொறியாளர்கள் புள்ளிமேகம் என்று பெயரிட்டுள்ளனர். அப்பெயரை முதலில் வைத்தவர் சற்றே கவிஞராக இருந்திருக்க வேண்டும்.

அடுத்து நிகழ்வது நம் வீட்டு வாசலில் நிகழ்வதே. மார்கழியில் அம்மா முதலில் புள்ளிகளை வைத்துவிட்டுப் பிறகு கோடுகளால் இணைத்துக் கோலத்தை நிறைவு செய்வதைப் போல, கணினி அருகருகே உள்ள புள்ளிகளை மூன்று மூன்றாக இணைத்துச் சிறு சிறு முக்கோணங்கள் ஆக்கும். இலட்சக்கணக்கான முக்கோணங்கள் சேர்ந்து பொருளின் மேற்பரப்பு முழுவதும் ஒரு வலைபோலப் படியும். பொருளின் மூல வரைபடம் இருந்தால் அதன்மேல் இந்த வலையைப் பொருத்தி வேறுபாட்டை நிறத்தால் காட்டுவர். வழக்கமாகப் பச்சை சரியான இடத்தையும், சிவப்பு மிகுந்த இடத்தையும், நீலம் குறைந்த இடத்தையும் குறிக்கும். பவளப்பாறையில் உரசி வளைந்த உந்துசக்கரம் ஒன்றை இப்படி வருடினால், எந்த இதழ் எந்த இடத்தில் எவ்வளவு வளைந்தது என்பதை எண் தெரியாதவரும் நிறத்தைக் கண்டே சொல்லிவிடலாம்.

ஒளி ஏமாறும் இடங்கள் உண்டு. புதிதாகக் கடைந்த உலோகம் கண்ணாடிபோல் பளபளக்கும். அதன்மீது விழும் லேசர் கேமராவுக்கு வராமல் வேறெங்கோ சிதறிச் செல்லும். ஆகவே அதன்மேல் வெண்ணிறப் பொடியை மெல்லிதாகத் தூவி அளப்பர். அப்பொடியின் தடிப்பும் கணக்கில் சேரும் என்பதை மறக்கலாகாது. ஆழமான துளைகளின் உட்புறத்தை ஒளிக்கோடு எட்டாது. நுட்பத்திலும் நல்ல கருவிகளே ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு அளவில்தான் நிற்கின்றன. மாணிக்கக் குண்டின் நுட்பம் அவற்றுக்கு இல்லை. அதனால் தாங்கி அமரும் துளையைத் தொட்டும், வளைந்த இதழை ஒளியாலும் அளப்பதே தேர்ந்த பட்டறைகளின் வழக்கம்.

இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒன்று உண்டு. லேசர் ஒரு பொருள் எப்படி இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். எப்படி இருந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லாது. நம் இம்பெல்லர் பல ஆண்டுகள் உப்புநீரில் சுழன்று தேய்ந்தது. வருடிய உருவத்தை அப்படியே வார்த்தால் தேய்ந்த சக்கரத்தின் தேய்ந்த நகலே கிடைக்கும். எவ்வளவு தேய்மானம், மூல வடிவம் எது என்பதை இதழ்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பம்பின் உட்கூட்டையும் அளந்து, பொறியாளர் முடிவு செய்ய வேண்டும். வார்ப்பவருக்கும் ஒரு கணக்கு உண்டு: உருகிய வார்ப்பிரும்பு குளிரும்போது நீளத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு சுருங்கும், ஆகவே அச்சை அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்ய வேண்டும். கருவி வந்ததால் கைத்தேர்ச்சிக்கு வேலையில்லை என்று எண்ணுவோர் ஒரு வார்ப்படச் சாலைக்குள் ஒருநாள் நின்று பார்க்கலாம்.

வெப்பமும் அளவும்

நுட்பமான நீள அளவுகள் எல்லாம் 20 பாகை செல்சியஸ் வெப்பநிலைக்கு உரியவை என்பது உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட வழக்கம். நம் தீவிலோ பகலில் 30 பாகை மிகச் சாதாரணம். ஒரு மீட்டர் நீளமுள்ள எஃகுத் தண்டு, வெப்பம் 10 பாகை கூடினால் ஏறத்தாழ 0.12 மில்லிமீட்டர் நீளும். அலுமினியம் அதைப்போல் இருமடங்கு நீளும். தலைமயிரின் தடிப்பைவிட மிகுதியான இந்த வேறுபாடு, கண்ணுக்குத் தெரியாமல் எண்ணுக்குள் புகுந்துவிடும். ஆகவே அளக்கும்போது வெப்பநிலையையும் குறித்து அனுப்ப வேண்டும். அது இல்லாத அளவு, முகவரி பாதி எழுதப்பட்ட கடிதம்.

அளவை அளப்பவர் யார்?

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் முதலாம் இராசராசன் அளித்த அணிகலன்களின் எடை விரிவாகப் பொறிக்கப்பட்டுள்ளது. அங்கே எடையைச் சொல்வதோடு, ஆடவல்லான் என்னும் கல்லால் நிறுக்கப்பட்டது என்றும் குறித்துள்ளனர். இன்று நாம் கற்றுக்கொள்ளத்தக்க செய்தி இது. எந்தக் கல்லால் நிறுத்தோம் என்று சொல்லாவிட்டால் எடைக்குப் பொருள் இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்றைய கருவிகளுக்கும் அப்படியொரு கல் வேண்டும். பட்டறையின் அளவி ஒரு மாதிரிக் கட்டையோடு ஒப்பிடப்படும். அக்கட்டை அதைவிட நுட்பமான ஆய்வகத்தில் ஒப்பிடப்படும். இச்சங்கிலியின் இந்திய முனை புது தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. அங்கே மீட்டரைக் காட்டுவதும் ஒளியே. 1889 முதல் மீட்டர் என்பது பாரிசுக்கு அருகில் பாதுகாக்கப்பட்ட பிளாட்டினம்-இரிடியம் கோலின் மீதிருந்த இரு கோடுகளின் இடைத்தூரமாக இருந்தது. 1983 முதல், வெற்றிடத்தில் ஒளி ஒரு நொடியின் 299,792,458-இல் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும் தூரமே மீட்டர்.

சங்கிலியில் ஒரு கண்ணி பிசகினால் என்ன நேரும் என்பதற்கு ஹபிள் விண்தொலைநோக்கி சான்று. 1990 ஏப்ரலில் விண்ணுக்கு அனுப்பப்பட்ட அதன் 2.4 மீட்டர் ஆடி, விளிம்பில் ஏறத்தாழ 0.002 மில்லிமீட்டர் கூடுதலாகத் தேய்க்கப்பட்டிருந்தது. படங்கள் மங்கலாயின. தேய்த்தவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்லர்; ஆடியின் வளைவைச் சோதித்த ஒளிக்கருவியிலேயே ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் இடம் தவறி அமைந்திருந்தது. தவறான கருவி காட்டியபடி மிகச் சரியாகத் தேய்த்தனர். வேறு எளிய கருவிகள் பிழையைக் காட்டியபோது, அவை நுட்பம் குறைந்தவை என்று ஒதுக்கப்பட்டன. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று திருத்தும் வரை மூன்றாண்டுகளுக்கு மேல் அக்குறை நீடித்தது.

கடலடியில் செல்லும் உருவம்

இம்பெல்லரிடம் திரும்புவோம். அதன் உருவம் பத்து இலட்சம் புள்ளிகளாகப் பதிவானால், ஒரு புள்ளிக்கு மூன்று எண்கள் வீதம், ஏறத்தாழ 12 மெகாபைட் அளவே வரும். கைப்பேசியில் எடுத்த சில படங்களுக்கு நிகரான அளவு இது. 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்ட கடலடிக் கண்ணாடியிழை வடம், ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்தில், சென்னையையும் போர்ட் பிளேயரையும் கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் உள்ளிட்ட வேறு தீவுகளையும் இணைக்கிறது. அவ்வடத்தினுள் செய்திகளைச் சுமந்து ஓடுவதும் லேசர் ஒளியே. ஒளியால் அளந்த உருவம் ஒளியாகவே கடலைக் கடந்து, சில நொடிகளில் கோயம்புத்தூரில் ஒரு கணினித் திரையில் தோன்றிவிடும்.

திரும்பி வரும் உலோகச் சக்கரத்துக்குக் கப்பல்தான் வழி. அதற்கு மூன்று நாள்கள் ஆகவே ஆகும். பெட்டியைப் பிரித்ததும் நம் ஊர்ப் பட்டறையின் பிட்டர் அதனை உடனே பொருத்திவிட மாட்டார். பம்பின் தண்டும் புதுச்சக்கரமும் ஒரே வெப்பநிலைக்கு வரட்டும் என்று இரண்டையும் ஓரிரவு அருகருகே வைப்பார். மறுநாள் காலை எண்ணெயைத் துடைத்துவிட்டு, திருகு அளவியை எடுத்து, தண்டு நுழையும் துளையை ஒருமுறை தாமே அளந்து பார்ப்பார்.